முப்பத்தொரு மழை

அந்த நாற்காலி வேண்டாங்க. அதை விட்டுவிட்டு இப்படி வாருங்கள். இல்லை, யாருக்கும் பிடித்து வைக்கவில்லை, காலியாகத்தான் இருக்கிறது. கடைசியாக யார் வருகிறார்களோ அவர்கள் வேறு வழியில்லாமல் அதில் உட்காருவார்கள். செப்டம்பரிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நீங்கள்தான் முதல் ஆளாக வந்துவிட்டீர்களே, உங்களுக்கு எதற்கு அது? என் இடப்பக்கம் உட்காருங்கள்.

புதுசுங்களா? பார்த்தவுடன் தெரிந்தது. மூன்று மணி என்று போட்டிருந்தால் மூன்று மணிக்கே வருகிற ஆள் புது ஆள்தான். மற்றவர்கள் மூன்றே காலுக்குப் படியேறுவார்கள். கீழே பம்ப்செட் கடைக்காரர் “வண்டிய வாசல்ல போடாதீங்கய்யா” என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் நம் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜோயல் உள்ளே பாக்கெட் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கார்டுக் கடை அவனுடையது. நல்ல பையன்தான், ஒரு விஷயத்தைத் தவிர எதற்கும் கோபப்படமாட்டான்.

டிராஃப்ட் ஆடியிருக்கிறீர்களா? இல்லையா? பயப்படாதீர்கள். வீட்டிலிருந்தே கார்டைப் பொறுக்கி டெக் கட்டிக்கொண்டு வந்து ஆடுவது வேறு, இது வேறு. எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். ஆளுக்கு ஒரு பாக்கெட் பிரிப்போம், உள்ளே பதினைந்து கார்டு. பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கத்து ஆளிடம் தரவேண்டும். வலப்பக்கத்து ஆள் விட்டுவைத்தது உங்கள் கைக்கு வரும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை மறுபடி இடப்பக்கம். தீரும்வரை சுற்றும். இப்படி மூன்று பாக்கெட். எடுத்ததில் ஒன்றிரண்டு நிறத்தை மட்டும் வைத்து டெக் கட்டி மூன்று சுற்று ஆட்டம். எடுத்த கார்டு உங்களுக்கே சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பாக்கெட் சுற்றும்போது பேசக்கூடாது, கார்டைக் காட்டக்கூடாது, கண்ஜாடைகூடக் கூடாது. இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு ஆடினால் வெளியே அனுப்பிவிடுவான். ஜோயலுக்குக் கோபம் வரும் விஷயம் அது ஒன்றுதான்.

உங்கள் பெயரை அப்புறம் சொல்லுங்கள். என் பெயர் கோகிலவாணி. அப்படிக் கேட்டால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. உப்புக்காரி என்று கேளுங்கள், தெரியும்.

வெள்ளை நிறத்தில் ஒரு கார்டு இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிற ஆள். இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் போட்டிருப்பான், நாங்கள் உப்பு என்றுதான் சொல்வோம். பலம் ஒன்று. எது மோதினாலும் செத்துப்போகும். யாருமே எடுக்கமாட்டார்கள். கடைசியில் வேறு கார்டே இல்லாமல் கையில் ஒட்டிக்கொண்டு வருமே, அப்படி வந்தால்தான். நான் ஒருத்திதான் அடியில் பொடியாக எழுதியிருந்ததைப் படித்தேன். பக்கத்தில் இன்னொரு உப்பு இருந்தால் இரண்டுக்கும் பலம் ஒன்று கூடும். மூன்று இருந்தால் மூன்றுக்கும் இரண்டு கூடும். எட்டு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எதிராளி எழுந்து போகவேண்டியதுதான். யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் தங்க ஓரம் போட்ட கார்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வேலையே அதுதான். மருந்து டப்பாவில் பொடி எழுத்து இருக்கும் பாருங்கள், அது அச்சுக்குப் போகும் முன்னால் பிழை பார்த்துத் தருகிறேன். பதினொரு வருடமாக. என் கண்ணிலிருந்து ஒரு புள்ளி தப்பாது.

ஜூன் மாதம் சீசன் தொடங்கியது. முதல் பதினான்கு சனிக்கிழமையில் பதினொரு தடவை நான் முதலிடம். இந்தச் சுவரில் பட்டியல் இருக்கிறது, மேலேயிருந்து பாருங்கள், முழுக்க என் பெயர்தான். மீதி மூன்று வாரம் உடம்பு முடியவில்லை. அந்த மூன்று வாரமும் அவருக்கு வெளியூரில் வேலை, நான் தனியாக பஸ் ஏறி, வெயிலில் நடந்து, களைத்துப்போய் வந்து உட்கார்ந்தேன். களைப்பில் ஆட்டம் எப்படி வரும்?

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பூபதி. நெசவு மெஷின் கம்பெனியில் சர்வீஸ் வேலை. நாங்கள் இரண்டு பேரும்தான் வருவோம். என் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “புருசனும் பொண்டாட்டியும் ஜோடி போட்டுச் சீட்டாடப் போறாங்க, நான் எங்க போய் முட்டிக்கறது” என்பார். அதைச் சொல்லி வண்டியில் வரும் வழியெல்லாம் சிரிப்போம்.

அவர் எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காருவார். ஆமாம், அந்த நாற்காலிதான். பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கவிழ்த்துவைப்பார். மீதியை அப்படியே தந்தால் என்ன? தரமாட்டார். முன்னும் பின்னும் மாற்றி, நேராக்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக் டக். அப்புறம்தான் என் கைக்கு வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். வாங்கிப் பார்த்தால் உப்பு மேலேயே இருக்கும். வேண்டாத கார்டை எல்லோரும் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு அது தானாக மேலே வந்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் ஆட்டம்? சுத்தமாக வராது. மூன்று சுற்றும் தோற்பார். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, வாராவாரம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே வருவேன்.

“ஏங்க, முதல் பாக்கெட்ல என்ன எடுத்தீங்க?”

“என்னமோ ஒண்ணு எடுத்தேன் அம்மிணி.”

“என்னமோ ஒண்ணா? உங்களுக்கு வேணுங்கறத எடுக்கணுமில்லைங்களா? டெக்குக்கு ஆகாதத எல்லாம் எடுத்துவெச்சா எப்படிங்க?”

“நீ ஜெயிச்சே இல்ல? விடு.”

நான் ஜெயித்ததும் அவர் தோற்றதும் ஒன்றா? அதைத்தான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் உப்பு ஆடுகிறேன் என்று கண்ணால் பார்க்கிறார். தானும் நாலு உப்பை எடுத்து ஆடிப் பார்ப்போம் என்று தோன்றுமா தோன்றாதா? ஒரு உப்புகூட எடுக்கவில்லை. ஒன்றுகூட. அவ்வளவுதான் அவருக்கு ஆட்டத்தைப் பற்றித் தெரிந்தது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. நான் மூன்று சுற்றும் ஜெயித்துவிட்டேன். அவர் மூன்றும் தோற்றுவிட்டார். இக்பால் டாக்டர் என்று ஒருவர் வருவார், பல் டாக்டர், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. “என்ன பூபதி, இன்னைக்கும் முட்டைதானா? ரெண்டு பேருக்கும் சேர்த்து மேடமே ஆடிட்டா ஒரு நாற்காலி மிச்சமாகுமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. அவரும் சிரித்தார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. ஒரு மனிதருக்கு ரோஷம் வேண்டாமா? நான் சொன்னேன், “நீ உக்கார்றதும் ஒண்ணுதான், அந்த நாற்காலி சும்மாக் கெடக்கறதும் ஒண்ணுதான். நீ இருக்கறதால எனக்கு என்ன வித்தியாசம்?”

நீ என்றேன். ஒன்பது வருடத்தில் நான் அவரை நீ என்று சொன்னதே இல்லை. அதுவும் ஏழு பேர் முன்னால். ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னேன். வேறு எதையும் வைத்துச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பற்றித்தான்.

அவர் கார்டையெல்லாம் சேர்த்து நேராக்கினார். இரண்டு தட்டுத் தட்டினார். “சரி அம்மிணி” என்றார். அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அதற்கடுத்த வாரம், “பெங்களூருக்கு மாத்திட்டாங்க” என்று ஒரு பெட்டியோடு கிளம்பினார். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட மாறுதல் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

போனாரா? போன அன்றிலிருந்து மழை.

நீல நிறத்தில் மழை என்று ஒரு கார்டு. அதைப் போட்டால் மேசையில் இருக்கிற உப்பு மொத்தமும் கரைந்துபோகும். ஒரே கார்டு. எட்டு வைத்திருந்தாலும் சரி, பத்து வைத்திருந்தாலும் சரி. முன்னாலும் அந்தக் கார்டு இருந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை என் எதிரே யாராவது மழை போட்டது மூன்று தடவையோ நான்கு தடவையோதான். அபூர்வமான கார்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யாரோடு ஆடினாலும் மழை. டாக்டர் கையில் மழை. ரயில்வேக்காரர் ஒருவர் வருவார், அவர் கையில் இரண்டு மழை. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் காட்டிக்கொண்டு, “மேடம், குடை கொண்டாந்தீங்களா?” என்கிறார். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து இன்றுவரை ஒரு சனிக்கிழமைகூட நான் முதலிடம் வரவில்லை. இருபது வாரம். சுவரில் கீழே பாருங்கள்.

இது எப்படி நடக்கும், நீங்களே சொல்லுங்கள். யாரோ சொல்லிக்கொடுத்தால்தானே நடக்கும்? என்னை எதை வைத்து அடிக்கலாம் என்று தெரிந்த ஆள் யார்? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள்தானே? போகும்போது எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். “பூபதியா? எங்கிட்ட அவர் ஆட்டத்தப் பத்திப் பேசுனதே இல்லீங்களே” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார்.

சாட்சி டிசம்பரில் கிடைத்தது. கேஸ் புத்தகம் தேடி பீரோவுக்கு மேலே கையை விட்டேன். ஒரு பிஸ்கட் டப்பா. அவருடைய கார்டு. எடுத்துப் பிரித்தால், மழை. வேறு ஒன்றும் இல்லை, முழுக்க மழை. தரையில் பரப்பிவைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. வாரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு, தேதி எழுதின துண்டுக் காகிதம் செருகி, பதினொரு கட்டு.

அவர் ஆடுவது சிவப்பும் பச்சையும். நீலம் தொடவேமாட்டார். சிவப்பு, பச்சை டெக்கில் மழையைச் சொருகினாலும் ஆடமுடியாது, அது பாட்டுக்குக் கையில் கிடக்கும். என் எதிரே உட்கார்ந்து எத்தனையோ தடவை ஆடியிருக்கிறார், ஒரு தடவை மழை போட்டதில்லை. அப்படியானால் ஆடாத நிறத்தை எதற்கு எடுக்கவேண்டும்? எதற்கு ஒளித்துவைக்கவேண்டும்? எனக்கு எதிராகத்தான். ஒவ்வொன்றாக, வாராவாரம், என் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்தபடி. டப்பாவைப் பார்த்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. மாமியார் கேட்டார், என்ன கண்ணு முகமெல்லாம் இப்படி என்று. நான் எதைச் சொல்வேன்?

போன் செய்தேன். எடுக்கவில்லை. அறுபது தடவை செய்திருப்பேன். ஜனவரியில் ஒரு கவர் வந்தது. வக்கீல் அனுப்பினது. பிரிந்துகொள்ள இரண்டு பேருக்கும் சம்மதம் என்று நான் ஒரு கையெழுத்துப் போடவேண்டுமாம். அவர் போட்டுவிட்டார். இந்தப் பையில்தான் இருக்கிறது. பிழை இருக்கிறதா என்று நாலு தடவை படித்துவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

அவர் தங்கை பெங்களூரில்தான் இருக்கிறாள், அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவள் மட்டும் போனை எடுப்பாள். “சாப்பிடறாரா?” என்றேன். “நல்லாச் சாப்புடுதுங்க அண்ணி. தோசை சுட்டா மொறுமொறுன்னு ஓரத்த மொதல்ல பிச்சுத் தின்னுபோட்டு, நடுவ எனக்குத் தள்ளிவிடுது. சின்னதுலேருந்து அப்படித்தானுங்களே.” எங்கள் வீட்டில் அவர் ஓரத்தைத் தொட்டதே கிடையாது. ஒன்பது வருடமாகப் பிய்த்து என் தட்டில்தான் வைப்பார். எனக்கு ஓரம் பிடிக்கும், அவருக்கு நடுப்பாகம் பிடிக்கும், நல்ல பொருத்தம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் மாறினதும் மனிதர் நாக்குகூட மாறிவிட்டது பாருங்கள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே ஒரு கடையில் ஆடுகிறாராம். மூன்று மாதத்தில் அந்தக் கடையில் முதலிடமாம். நம்புகிறீர்களா? இங்கே ஒரு சுற்று ஜெயிக்கத் தெரியாத ஆள்! அங்கே ஆடுகிறவர்கள் லட்சணம் அப்படி இருக்கும்.

ஆனால் அதனால் ஒரு வழி கிடைத்தது எனக்கு. பிப்ரவரியில் பெங்களூரில் இறுதிப்போட்டி. ஒவ்வொரு கடையிலிருந்தும் முதல் இரண்டு பேர் போகலாம். அவர் அந்தக் கடைக்காகப் போகிறார். நான் இந்தக் கடைக்காகப் போகவேண்டும். போனை எடுக்காமல் இருக்கலாம், கதவைத் திறக்காமல் இருக்கலாம். போட்டியில் பெயர் சேர்ந்து வந்தால் எதிரே உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கை கொடுக்கவேண்டும், அது விதி. கொடுக்கவில்லை என்றால் எச்சரிக்கை தருவார்கள். அந்த ஒரு விதியை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். டப்பாவை மேசையில் வைத்து இது என்ன என்று கேட்பேன். ஒரு பதில் சொல்லட்டும். பதில் சொல்லிவிட்டால் அங்கேயே கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடுவேன். பதில்தான் வேண்டும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம். வேறு என்ன வேண்டும்?

இன்று கடைசிச் சனிக்கிழமை. நான் மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். இன்று முதலிடம் வந்தால் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுவேன். வரவில்லை என்றால் அவ்வளவுதான். இந்தக் கவரில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பவேண்டியதுதான்.

ஜோயல் வெளியே வருகிறானா? இல்லையா? சரி, காதை இப்படிக் கொடுங்கள்.

அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். ஆமாம், உட்காராதீர்கள் என்று சொன்னேன்தான். இப்போது உட்காருங்கள் என்கிறேன். எழுந்து இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், அவர்கள் வருவதற்குள். ம், அப்படித்தான்.

இந்த மாதிரி நான் யாரிடமும் கேட்டதில்லை. பதினொரு தடவை சுத்தமாக ஜெயித்தவள். ஒருத்தர் தயவு இல்லாமல். இன்றைக்கு மட்டும் கேட்கிறேன். பெரிய வேலை இல்லை. உப்பு வந்தால் தொடாதீர்கள், எனக்கு விட்டுவிடுங்கள். மழை வந்தால் நீங்கள் எடுத்துவிடுங்கள். உங்களைத் தாண்டிப் போகக்கூடாது. போனால் என் கையைத் தாண்டி டாக்டரிடம்தான் போகும்.

என்ன? அப்புறம் நீங்கள் எதை வைத்து ஆடுவதா? மிச்சம் வருவதை வைத்துத்தான். மழை உங்கள் டெக்கில் சேராது, ஆமாம். நீங்கள் என்ன நிறம் எடுக்கிறீர்களோ அதற்கு ஒத்துவராது. எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொள்ளவேண்டியதுதான். ஆமாம், தோற்பீர்கள். மூன்று சுற்றும் தோற்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பார்கள், ஆமாம், டாக்டர் ஏதாவது சொல்வார். ஒரு நாள்தானே? முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு நாள்.

யார் செய்வார்கள் என்கிறீர்களா?

நியாயம்தான். யாரும் செய்யமாட்டார்கள். கேட்டால்கூடச் செய்யமாட்டார்கள். ஒரு நாளைக்கே மனசு வராது. வாராவாரம் அப்படி உட்கார்ந்து, வேண்டாததை எடுத்து எடுத்து, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, யார்…

கத்துகிறார் பாருங்கள். “வண்டிய வாசல்ல போடாதீங்கய்யா.” வந்துவிட்டார்கள்.

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். இருக்கிறது.

நான் சொன்னதை விட்டுவிடுங்கள். ஜோயலிடம் சொல்லவேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எதுவும் நினைக்கமாட்டேன். எழுந்திருங்கள். என் நாற்காலிக்கு வாருங்கள். இங்கே ஃபேன் காற்று நேராக வரும். அந்த நாற்காலிக்குக் காற்றே வராது. அவர் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, நீங்கள் அங்கே உட்கார்ந்ததும் வேர்க்கிறது பாருங்கள், அதை வைத்துத்தான் சொல்கிறேன். வாருங்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

வணக்கம் டாக்டர். ஆமாம், இன்று இங்கேதான். புது ஆள், டாக்டர், முதல் ஆட்டம். ஏதாவது சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

பாக்கெட் வந்துவிட்டது. பிரியுங்கள். ஓரத்தில் கிழியுங்கள், நடுவில் இழுத்தால் கார்டு மடங்கிவிடும். உங்கள் பாக்கெட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை டாக்டரிடம் கொடுங்கள். அப்புறம் என்னுடையது உங்களுக்கு வரும். அவசரமே இல்லை, நிதானமாகப் பாருங்கள். அடியில் பொடியாக எழுதியிருப்பதையும் படியுங்கள். சரி, இனிமேல் பேசக்கூடாது.

டக் டக்.

இந்தாங்க.